இரவிலும் தாதி உங்களை எழுப்புவது ஏன்?

மருத்துவமனையில் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது, தாதி வந்து இரத்த அழுத்தம் பார்ப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். ஆனால், நோயாளியின் நிலைமை மோசமாவதற்குப் பல மணி நேரத்திற்கு முன்பே உடல் பெரும்பாலும் சில அறிகுறிகளைக் காட்டிவிடும். அவற்றை உரிய நேரத்தில் கண்டறியத் தாதியர் பயிற்சி பெறுகிறார்கள்.

தாதி எவற்றைக் கவனிக்கிறார்?

• மூச்சின் வேகம் (ஓய்வாக இருக்கும்போது பொதுவாக நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை)
• இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு
• நாடித்துடிப்பு
• இரத்த அழுத்தம்
• உடல் வெப்பநிலை
• சுயநினைவும் பேச்சில் தெளிவும்

பல மருத்துவமனைகளில் இவை ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் இடப்படும். இயல்பான அளவிலிருந்து விலக விலக, புள்ளிகள் கூடும். மொத்தப் புள்ளிகள் வரம்பைத் தாண்டினால், தாதி உங்களை அடிக்கடி பரிசோதிப்பார், மருத்துவரையும் அழைப்பார்.

மூச்சு வேகமாவது பல நேரங்களில் முதலில் தெரியும் அறிகுறி. தாதி பேசாமல் உங்கள் மார்பைக் கவனித்தால், அவர் மூச்சை எண்ணுகிறார் என்று பொருள். அப்போது இயல்பாக மூச்சு விடுங்கள்.

பயிற்சி எப்படி நடைபெறுகிறது?

மூச்சும் நாடியும் மாறக்கூடிய மனித உருவப் பொம்மையை வைத்துத் தாதியர் குழுவாகப் பழகுகிறார்கள். என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, தாம் கண்டது என்ன, என்ன உதவி தேவை என்பதை மருத்துவரிடம் சுருக்கமாகச் சொல்லவும் கற்கிறார்கள். அளவுகள் சரியாக இருந்தாலும் நோயாளியைப் பார்த்துக் கவலை ஏற்பட்டால், மருத்துவரை அழைக்கத் தயங்கக்கூடாது என்பதும் பயிற்சியில் ஒரு பாடம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

“தாதி வேலையாக இருக்கிறார், தொந்தரவு வேண்டாம்” என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தலைசுற்றல், அதிகக் குளிர் நடுக்கம் இருந்தால் உடனே அழைப்பு மணியை அழுத்துங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். வலிக்கும் இடத்தைக் கையால் காட்டுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

முதியவர்களுக்குக் கிருமித்தொற்று ஏற்பட்டாலும் காய்ச்சல் வராமல் போகலாம். திடீர்க் குழப்பமோ அதிகத் தூக்கமோ மட்டுமே அதன் அடையாளமாக இருக்கலாம். அவரை நன்கு அறிந்தவர் நீங்கள்தான். “அம்மா இன்று வழக்கம்போல் இல்லை” என்று தாதியிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவரது உயிரைக் காக்க உதவலாம்.

வீட்டில் இருக்கும்போது இத்தகைய கடுமையான அறிகுறிகள் தோன்றினால், தாமதிக்காமல் 995 என்ற எண்ணை அழையுங்கள்.