ஆள் குறைந்த அணியின் முன்பருவப் பயிற்சி

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து நீள்வட்டத் திடலில் ஓர் அணிக்கு 18 பேர் களமிறங்கி, 4 பகுதிகளாக ஆடும் ஓயாத ஓட்டத்தின் ஆட்டம். மார்ச் முதல் செப்டம்பர் வரை நீளும் போட்டிகளுக்கான உடல்வலிமையை வீரர்கள், தென்கோளக் கோடையில் நடைபெறும் முன்பருவப் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்கின்றனர். இப்பயிற்சியின் உயிர்நாடி, அணி இரண்டாகப் பிரிந்து தனக்குள் மோதும் ஒத்திகை ஆட்டமாகும். முழு அளவில் அதை நடத்த 36 பேர் வேண்டும் என்பதால், ஆள் குறைந்த அணி திடலைச் சுருக்கியும் இருப்பவர்களின் ஓட்டச்சுமையை அளந்தும் பயிற்சியைத் திட்டமிட வேண்டியுள்ளது. இல்லையெனில் மிகைச்சுமையால் தசைகள் காயமுற்று, எஞ்சியவர்களும் குறைவர்.

ஆள் குறைந்த அணியின் நெருக்கடிக்குத் தெளிவான சான்று மெல்பர்னின் எசென்டன் கழகம். 2012ஆம் ஆண்டின் ஊக்கமருந்து விவகாரத்தில் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2016 ஜனவரியில் தடைவிதித்துத் தீர்ப்பளித்தபோது, அக்கழகத்தின் அப்போதைய வீரர்களுள் 12 பேர் அந்தப் பருவம் முழுவதையும் இழந்தனர். முன்பருவப் பயிற்சி பாதி கடந்திருந்த அந்நிலையில், 10 தற்காலிக வீரர்களைச் சேர்த்துக்கொள்ள லீக் நிர்வாகம் இசைந்தது. ஓய்வு பெற்றவர்களும் பிற கழகங்களால் விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். பயிற்றுநர் ஜான் வோர்ஸ்ஃபோல்டு, புதியவர்களுக்கு ஆட்டமுறையைக் கற்பித்துக்கொண்டே இளைஞர்களுக்கும் பொறுப்பளிக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு 3 வெற்றிகளுடன் கடைசி இடத்தில் முடித்த எசென்டன், தடைமுடிந்த வீரர்கள் பலர் திரும்பிய 2017இல் இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. ஆகவே, ஆள் குறைந்த அணியின் முன்பருவத்தை உடனடி வெற்றிகளால் மட்டும் அளப்பது நியாயமன்று. வாய்ப்புக் கிட்டாதிருந்த இளைஞர்களை அது வளர்த்தெடுப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.