நின்னா கால் கடுக்குதா? ஸ்டாக்கிங்ஸைப் பார்த்து வாங்குங்க!

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கிரிவலம் முடித்த கூட்டம், கிடைத்த படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும். சில அம்மாக்களின் கெண்டைக்காலில் நீல நிறத்தில் புடைத்து, கயிறு மாதிரி நெளிந்து ஓடும். ''பதினாலு கிலோமீட்டர் நடந்தேன் இல்லையா, நரம்பு சுருட்டிக்கிச்சு'' என்பார்கள்.

இரண்டுமே தப்பு! அது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். காலிலிருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிற சிரை. அதற்குள்ளே ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கிற குட்டிக் குட்டி வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் தேங்கி, குழாய் புடைக்கும். 'வெரிகோஸ் வெயின்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பரம்பரை, பிரசவம், உடல் பருமன், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது எல்லாமே காரணம். நடப்பது காரணமில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உங்கள் காலுக்குச் சோதனை கிரிவலப் பாதையில் இல்லைங்க, தரிசன க்யூவில்தான் இருக்கிறது.

என் அத்தை முப்பது வருஷம் டீச்சர். நின்றே பாடம் நடத்தியவர். சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும். ஒருநாள் கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து, அரிக்க ஆரம்பித்தது. ''கொலுசு பட்டு கறுத்திருக்கு'' என்று விட்டுவிட்டார். அதை விடக்கூடாது. கறுப்பு, அரிப்பு, அப்புறம் ஆறாத புண் என்று போகிற பாதை அது. டாக்டர் பார்த்துவிட்டு, அழுத்தம் கொடுக்கும் ஸ்டாக்கிங்ஸ் போடச் சொன்னார்.

மாமா கடைக்குப் போனார். ''எல்லாம் ஒரே சைஸ்தான் சார், இழுத்தா வரும்'' என்று ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தொடை வரை வரும் அது, சேலைக்குள் சுருண்டு சுருண்டு இறங்கி, முட்டிக்கு மேலே ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி இறுக்கியது. கால் இன்னும் வீங்கியது. ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போய்விட்டது. பணமும் போச்சு, நம்பிக்கையும் போச்சு.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஏர்ஹோஸ்டஸ்கள் போடுகிற மெல்லிய நைலான் காலுறை வேறு, இது வேறு. அது அழகுக்கு. இது கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்தது. இந்த யோசனை வந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற இன்ஜினீயருக்கே இந்தக் கால் நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் சுகம் என்று புரிந்தது. அதே கணக்கை 1950-ல் துணியில் கொண்டு வந்தார்.

பெட்டியில் 'கிளாஸ் 1', 'கிளாஸ் 2' என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் அளவில் கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம். பிரிட்டிஷ் அளவில் அதே கிளாஸ் 2, 18 முதல் 24 தான்! (பி.பி. பார்க்கும்போது சொல்வார்களே, அதே பாதரசக் கணக்கு.) எனவே டாக்டரிடம் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெட்டியில் எண்ணே இல்லையா? வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களுக்குப் போடுகிற வெள்ளை ஸ்டாக்கிங்ஸை வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டிக்கொள்வதும் சரியில்லை. அது படுத்திருப்பவருக்கானது.

அளவை காலையில் எழுந்ததும், வீக்கம் இல்லாதபோது எடுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடம், குதிகாலிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை உயரம். தையல்காரர் டேப் போதும். இரண்டு காலையும் அளக்கணும். சாயங்காலம் கடையில் நின்றபடி அளந்தால் ஒரு சைஸ் பெரிசாகத்தான் அமையும்.

விலையைக் குறைக்க ஒரே வழி, டாக்டர் சம்மதித்தால் முட்டிக்குக் கீழ் வரை உள்ளதை வாங்குவது. பலருக்கு அதுவே போதும். தொடை வரை உள்ளதைவிட விலை குறைவு, சுருளாது, நம்ம ஊர் வெயிலுக்குக் காற்றோட்டம். விரல் பக்கம் திறந்த மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை, மூடிய மாடலில் மெட்டி குத்தி இழை போய்விடும். போடும்போது மெட்டியின் மேல் துண்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கொலுசைக் கழற்றித்தான் ஆகணும்.

போடுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாக உட்கார வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்துங்கள். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காது, நகமும் கீறாது. எண்ணெய் தேய்த்த காலில் போடாதீர்கள், எலாஸ்டிக் கெட்டுவிடும். ராத்திரி கழற்றி, லேசான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் பிடிமானம் தளர்ந்துவிடும். கிழியவில்லையே என்று அதையே இழுத்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

யார் கேட்காமல் போடக்கூடாது?

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகிறது என்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. காலுக்கு நல்ல ரத்தம் கொண்டு வரும் குழாயே அடைத்திருந்தால், ஸ்டாக்கிங்ஸ் அதையும் நெரித்துவிடும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இதைப் போட்டால் சுருண்ட குழாய் நேராகிவிடுமா என்று கேட்காதீர்கள். ஆகாது. கனமும் வீக்கமும் குறையும், புண் வராமல் காக்கும். குழாயைச் சரிசெய்ய லேசர், ஆபரேஷன் எல்லாம் தனி.

அத்தைக்கு இரண்டாம் தடவை நாங்களே அளவெடுத்து, முட்டி வரை உள்ளதை வாங்கினோம். ''இதோட கிரிவலம் போகலாமா?'' என்றார். ஒரு பௌர்ணமிக்கு அப்படியே வெறுங்காலோடு போய், செங்கம் ரோடு தாண்டுவதற்குள் குதிகாலில் ஓட்டை! இப்போதெல்லாம் அஷ்ட லிங்கங்களையும் சுற்றிய பிறகு வீட்டுக்கு வந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் படுக்கிறார். அப்புறம்தான் ஸ்டாக்கிங்ஸ். ''க்யூவில நிக்கிற அன்னிக்கு மட்டும் வீட்டிலேயே போட்டுக்கிட்டு வந்துடறேன், கோயில் தரையில ஓட்டை விழாது'' என்கிறார்.