நல்லெண்ணத்தில் வாங்கிய நடராஜர்

கங்கைகொண்ட சோழபுரத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் ஒரு லத்தீன் சொல் தெரியும். உதவித்தொகைக்கு மனுப்போடும்போது தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குகிறார்களே, அந்த ‘போனஃபைடு’. இவர் எங்கள் மாணவர்தான் என்பதற்கு மேல் அந்தத் தாள் எதுவும் சொல்வதில்லை. வழக்கு மன்றத்திலோ அதே சொல்லை வைத்துக் கோடிகள் கைமாறுகின்றன.

போனா ஃபிடே என்றால் ‘நல்லெண்ணத்தோடு’ என்று பொருள். ஃபிடெஸ் என்பது வாக்குத் தவறாமை; ரோமானியர் அதைப் பெண் தெய்வமாக்கி, கேப்பிடோலின் குன்றில் கோயிலும் கட்டினார்கள். நல்லெண்ணத்தோடு ஒரு பொருளை வாங்கி, குறிப்பிட்ட காலம் அனுபவித்தவர் அதற்கு உரிமையாளராகலாம் என்றது அவர்கள் சட்டம். ஆனால் திருட்டுப் பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. வாங்கியவர் எவ்வளவு நல்லவர் என்றாலும்!

இதற்கு உதாரணம் தேடி ரோமுக்குப் போக வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் இருப்பதுபோல, அதே அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தானிலும் ஒரு பிரகதீஸ்வரர் கோயில் உண்டு. பூசையின்றிப் பூட்டிக் கிடந்த அந்தக் கோயிலில் 2006-இல் திருடர்கள் புகுந்தார்கள். சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனி நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரின் கைக்குப் போனது. திருட்டு வெளியே தெரிந்தது 2008-இல்தான். அதே ஆண்டு, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகப் போலி ஆவணம் சொன்னது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-இல் எடுத்த படத்திலோ, நடராஜர் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்தார்.

ஏமாந்துவிட்டோம் என்றது கலைக்கூடம். 2014-இல் கபூர் மீது நியூயார்க்கில் வழக்கும் போட்டது. ஆனால் ஏமாந்தவர் எல்லாரும் போனஃபைடு ஆகிவிட முடியுமா? இந்தியச் சட்டமே இதில் இரண்டு குரலில் பேசுகிறது. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்துக்கு நேர்மை இருந்தால் போதும், கவனக்குறைவு பரவாயில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, உரிய கவனம் இல்லாத இடத்தில் நல்லெண்ணமும் இல்லை என்றது. இரண்டாவது அளவுகோலை வைத்தால் கலைக்கூடத்தின் பாடு கஷ்டம்தான். பூர்வீகத்தைச் சரியாக விசாரிக்கவில்லை என்று அதன் சட்ட ஆலோசகரே வாங்குவதற்கு முன் எச்சரித்திருந்தார்.

கவனமாகவே வாங்கியிருந்தாலும் பொருள் தங்கியிருக்குமா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து கடத்தப்பட்ட இன்னொரு சிலையான பத்தூர் நடராஜரைக் கனடாவின் பம்பர் நிறுவனம் நல்லெண்ணத்தோடுதான் வாங்கியது. ஆனாலும் லண்டன் நீதிமன்றங்களில் தோற்றது. 1991-இல் சிலை தமிழ்நாடு திரும்பியது.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் வழக்கில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். கபூருக்கு, அரியலூர் மாவட்டத்தின் சுத்தமல்லி கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.