சொல் ஒன்று, பொருள் இரண்டு

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ‘வேலை’ என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பொருளின்மேல் விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் வேலை நடந்ததாகக் கொள்வோம் என்று கூறினேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், நேற்றுப் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். தோளே கழன்றுவிடும் போல் இருந்தது. நான் வேலையே செய்யவில்லையா?”

வகுப்பு சிரித்தது. ஆனால், அது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று. நாம் வீட்டில் வழங்கும் சொற்களையே அறிவியல் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வேறு பொருளைத் தருகிறது. இரண்டையும் பிரித்தறியாவிட்டால் பாடம் குழம்பும். சில வேளைகளில் கையும் சுடும். அத்தகைய சில சொற்களை இங்கே காண்போம்.

வேலை

பெட்டி நகரவில்லை. ஆகவே, பெட்டியின்மேல் செய்யப்பட்ட வேலை சுழிதான். பிறகு தோள் ஏன் வலித்தது? நம் தசை, சுவரில் அடித்த ஆணியைப் போன்றதன்று. ஆணி சும்மா இருந்தே பெட்டியைத் தாங்கும். தசையோ இழுத்த நிலையிலேயே நிற்பதற்குக் கூட அதனுள் இருக்கும் நுண்ணிய இழைகள் ஓயாமல் இயங்க வேண்டும். அதற்கு உணவிலிருந்து கிடைத்த ஆற்றல் செலவாகி, வெப்பமாக மாறுகிறது. மாணவி களைத்தது உண்மை. பெட்டிக்கு ஆற்றல் ஏதும் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

ஆற்றலும் திறனும்

பேச்சு வழக்கில் இரண்டையும் ‘சக்தி’ என்றே சொல்லிவிடுகிறோம். இயற்பியலில் வேலை செய்யத் தேவைப்படுவது ஆற்றல். ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது திறன். 40 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் ஒருவன் 3 மீட்டர் உயரமுள்ள மாடிக்கு ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவன் செய்யும் வேலை 40 × 9.8 × 3 = 1,176 ஜூல். 12 நொடியில் நிதானமாக ஏறினால் அவனது திறன் 98 வாட். 6 நொடியில் ஓடி ஏறினால் 196 வாட். வேலை ஒன்றே, திறன் இரு மடங்கு.

மின் கட்டணத்தில் வரும் ‘யூனிட்’ ஆற்றலின் அளவாகும், திறனின் அளவன்று. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். 10 வாட் விளக்கு 100 மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். நம் மாணவன் அவ்வளவு வேலை செய்ய வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 தடவை மாடி ஏற வேண்டும்!

நிறையும் எடையும்

பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை. இதன் அலகு கிலோகிராம். அப்பொருளைப் புவி இழுக்கும் விசை எடை. இதன் அலகு நியூட்டன். அதே மாணவனின் எடை இங்கே 392 நியூட்டன்; நிலவில் சுமார் 65 நியூட்டன் மட்டுமே. நிறை இரண்டு இடத்திலும் 40 கிலோகிராம்தான். நிலவில் ஓர் இரும்புக் குண்டைத் தூக்குவது எளிது. ஆனால், அதை ஓங்கி உதைத்தால் இங்கே போலவே அங்கும் கால் வலிக்கும். ஏனெனில், அதன் நிறை குறையவில்லை.

வெப்பமும் வெப்பநிலையும்

தீபாவளியன்று கம்பி மத்தாப்பு கொளுத்துகிறோம். அதன் பொறிகளின் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். எனினும், ஒரு பொறி கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. பொறியின் நிறை மிகச் சிறிது. ஆகையால் அது தரும் வெப்பமும் மிகச் சிறிது. எரிந்து முடிந்த கம்பியோ கறுத்து, ஆறியது போலத் தோன்றும். அதன் வெப்பநிலை பொறியைவிடக் குறைவுதான். ஆனால், நிறை அதிகமாதலால் அதில் தேங்கியுள்ள வெப்பம் அதிகம். தெருவில் வீசிய கம்பியை வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு இது தெரியும். எரிந்த கம்பியை உடனே தண்ணீர் வாளியில் போடச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: கொதிநீர், நீராவி இரண்டும் 100 டிகிரியில் இருக்கலாம். கையில் பட்ட 1 கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 265 ஜூல் வெப்பத்தைத் தருகிறது. 1 கிராம் நீராவியோ நீராக மாறும்போதே 2,260 ஜூல் வெப்பத்தைத் தந்துவிட்டு, பிறகு அந்த 265 ஜூலையும் தருகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் மறுபுறத்தை முதலில் உயர்த்தி, ஆவியை அப்பால் போகவிடுவது நன்று.

ஒரு விண்கலம் அழிந்த கதை

சொல்லிலும் அலகிலும் இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற விண்கலம் 1998 டிசம்பரில் செவ்வாயை நோக்கி ஏவப்பட்டது. அதன் சிறு உந்துபொறிகளைப் பற்றிய கணக்கைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்ற மற்றக் குழுவினர் அவ்வெண்களை நியூட்டன் அலகு என்றே கொண்டனர். ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டனுக்குச் சமம். சிறு பிழைகள் மாதக்கணக்கில் சேர்ந்தன. 1999 செப்டம்பர் 23 அன்று கலம் திட்டமிட்டதைவிடச் செவ்வாய்க்கு மிக அருகில் சென்று அழிந்தது. எண்கள் சரியாக இருந்தன. அவை எதைக் குறித்தன என்பதில்தான் இருவருக்கும் ஒற்றுமை இல்லை.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: “நீ உழைத்தாய் அம்மா, பெட்டிமேல் வேலை செய்யவில்லை.” இனி ஒரு சொல்லைப் பாடத்தில் காணும்போது, ‘இது வீட்டுச் சொல்லா, அறிவியல் சொல்லா?’ என்று கேட்டுப் பாருங்கள். இன்று மாலை ஒரு கடிகாரமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். உங்கள் திறன் எத்தனை வாட் என்று கணக்கிட்டு விடலாம்!