பெரியம்மாவுக்கு ஓர் இலக்கம்: வேலைத்தளத்தில் இரு தலைமுறைகள்

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஒரு தோட்டத்துக்கு வழமையான மாத விஜயமாகச் சென்றிருந்தேன். காலை ஒன்பது மணியிருக்கும். வேலைநாட்களில் அந்நேரம் லயங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் ஒரு வாசற்படியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தாயொருவர் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்துக் கூடை சுவரில் தொங்கியது.

"சுகமில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"சொகத்துக்கு ஒரு கொறையும் இல்ல மிஸ். மலைக்குப் போகப் புடிக்கல. என்னைய நம்பர் சொல்லிக் கூப்புடுற எடத்துல எனக்கென்ன வேல?"

அவர் வேலைக்குப் போகாமல் நான்கு நாட்களாகியிருந்தன. அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. நான்கு நாளைக்கு 5,400 ரூபா இழப்பு. பேத்தியின் பாடசாலைச் செலவு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் வீட்டில் இருக்கத் துணிந்தார் என்றால், அது சோம்பலாகவோ வீம்பாகவோ இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

என்ன நடந்தது?

அவருடைய குழுவில் 22 பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த 24 வயதுப் பெண்ணொருவர் சில மாதங்களுக்கு முன் நியமிக்கப்பட்டிருந்தார். உயர்தரம் படித்தவர். அந்த டிவிசனில் கொழுந்து மலையில் குறிப்புப் புத்தகம் ஏந்திய முதற்பெண் அவர்தான்.

மறுநாள் எந்த மலையில் வேலை என்பதை அவர் மாலையில் வட்ஸ்அப் குழுவில் அறிவிப்பார். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் மலை மாற்றப்பட்டது. செய்தி போனது. ஆனால் குழுவில் ஐந்து பேரிடம் வட்ஸ்அப் உள்ள தொலைபேசி இல்லை. ஐவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்கள் பழைய மலைக்கே போய்க் காத்திருந்து, பிறகு விசாரித்து, ஏறி இறங்கிப் புதிய மலைக்கு வந்தபோது வெகுநேரம் தாமதமாகிவிட்டது. ஐவருக்கும் அரைப்பேர்தான் போடப்பட்டது.

அந்தத் தாய் காரணம் சொல்ல முன்வந்தபோது, "12 ஆம் நம்பர், வேலையைப் பாருங்க. பிறகு பேசலாம்" என்றாராம் மேற்பார்வையாளர். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன்னைய இடுப்புல தூக்கிக்கிட்டுப் பிள்ளை மடுவத்துக்குப் போனவ நானு. எனக்கு நீ நம்பர் போடுறியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் தேயிலைச் செடிகளுக்கு அப்பால் போய் அழுதார். மறுநாளிலிருந்து தாய் வேலைக்கு வரவில்லை. மேற்பார்வையாளரும் வேலையை விட்டுவிடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் செய்த தவறு

இதைக் கேட்டதும் நான் ஒரு செயலமர்வுக்கு ஏற்பாடு செய்தேன். சமூகவியல் படித்தவள் என்ற நம்பிக்கை! பிறந்த ஆண்டுகளை வைத்துத் தலைமுறைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் குணமும் சொல்லும் அட்டவணையொன்றைப் பெரிய தாளில் எழுதிச் சென்றேன். வெளிநாட்டு அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட நூல்களில் இருந்து எடுத்தது அது.

எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிவில் ஒரு மூதாட்டி எழுந்தார். "மிஸ், ஐடென்டியில ஒரு வருசம் இருக்கு. எங்கம்மா சொன்னது வேற ஒரு வருசம். என்னைய எந்தத் தலைமுறையில போடப் போறீங்க?"

சிரிப்பொலியில் என் செயலமர்வு முடிந்துபோயிற்று. ஆனால் அவர் கேட்டதில் பெரிய உண்மை இருந்தது. கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928 இல் எழுதிய கட்டுரையொன்றை நான் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். ஒரே காலத்தில் பிறந்ததனால் மட்டும் ஒரு தலைமுறை உருவாவதில்லை. இளமையில் ஒரே விதமான சமூக அனுபவங்களுக்குள் அகப்பட்டவர்களே ஒரு தலைமுறையாகிறார்கள் என்பது அதன் சாரம். பரீட்சைக்காக மனனம் செய்த அந்தக் கருத்து, லயத்து வாசற்படியில்தான் எனக்கு விளங்கியது. அட்டவணையைச் சுருட்டி வைத்துவிட்டு, இருவரையும் தனித்தனியே சந்தித்துக் கேட்கத் தொடங்கினேன்.

இரண்டு இளமைகள்

அந்தத் தாய் 14 வயதில் பெயர் பதிந்து வேலைக்கு வந்தது 1984 இல். அதற்கு முன் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த ஆண்டில்தான் அது சமமாக்கப்பட்டது. தன் தாய் வாழ்நாளெல்லாம் வாங்காத சமசம்பளத்தை மகள் முதல் ஆண்டிலேயே வாங்கினார். அதற்கு முந்திய ஆண்டின் ஜூலை வன்செயலின் அச்சமும் அவருக்கு மறக்கவில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனதையும் கண்டவர். துரைமார் மாறினார்கள், கணக்கப்பிள்ளைமார் மாறினார்கள். அவர் மாறாமல் அதே மலையில் நின்றார். "நம்பர் செக்ரோல்ல இருக்கட்டும். வாயில வேண்டாம்" என்றார். பழைய காலத்தில் ஆட்களை ஆட்களாக மதிக்காமல் அதட்டி வேலை வாங்கியதைப் பற்றித் தன் பாட்டி சொன்ன கதைகளெல்லாம் அந்த ஒரு சொல்லில் அவருக்குத் திரும்பி வந்துவிட்டன.

மேற்பார்வையாளரின் இளமை வேறு. அவர் உயர்தரம் முடித்து வெளியே வந்தபோது கொரோனாக் காலம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்து, கூடிய சம்பளத்தை விலைவாசி விழுங்கிவிட்டது. கூடப் படித்தவர்களில் பலர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டனர். தோட்டத்திலேயே கௌரவமான ஒரு தொழில் பார்க்கலாம் என்று நின்றவர் இவர். நாள்தோறும் மாலையில் எத்தனை கிலோ என்று அலுவலகம் கேட்கும். பொம்பளைப் பிள்ளையால் மலையைக் கட்டி மேய்க்க முடியுமா என்று சிலர் காது படப் பேசுவார்கள்.

"ஏன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"முதல் மாசம் அத்தை, பெரியம்மான்னுதான் கூப்பிட்டேன் மிஸ். அத்தைக்கு நல்ல நிரை குடுத்துட்டேன், பெரியம்மாவுக்குத் தராசுல கூட்டிப் போட்டுட்டேன்னு கதை வந்துச்சு. நம்பர் சொன்னா எல்லாரும் ஒண்ணுதானே?"

ஒருவர் அவமதிப்பாகக் கேட்டது, மற்றவர் நீதியாகச் சொன்ன சொல்! இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மற்றவரிடம் காரணம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளை மடுவத்து விறாந்தையில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனைவரும் பிள்ளை மடுவத்து விறாந்தையில் கூடினோம். இம்முறை நான் தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. இருவரும் என்னிடம் சொன்னதை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்களையே சொல்ல வைத்தேன். "அந்தக் கதைய கட்டினவள்ல நானும் ஒருத்தி" என்று ஒரு பெண் ஒப்புக்கொண்டபோது சபை கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தது. பிறகு அவர்களே சில ஒழுங்குகளைச் செய்துகொண்டார்கள்.

முதலாவது, மறுநாள் வேலை எங்கே என்பது மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாயால் சொல்லப்படும். இரவில் மாற்றம் வந்தால், செய்தியைப் பார்க்கும் இளம்பெண் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். யார் யாருக்குச் சொல்வது என்று அங்கேயே சோடி பிரித்தார்கள்.

இரண்டாவது, நிரைகள் முறை வைத்துக் கொடுக்கப்படும். பாரபட்சக் கதைக்கு இடமில்லாமல் போனதால், இலக்கம் சொல்லிக் கூப்பிடும் தேவையும் இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, குறை சொல்வதானால் ஒதுக்கி அழைத்துச் சொல்வது. இது இரு பக்கத்துக்கும் உரியது. மேற்பார்வையாளரைச் சிறுவயதில் தூக்கி வளர்த்த கதையை மலையில் பேசுவதில்லை என்று மூத்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். "லயத்துல நான் ஒனக்குப் பெரியம்மா. மலையில நீ சொல்றது சொல்றதுதான்" என்றார் அந்தத் தாய். திங்கட்கிழமை அவர் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். அந்த ஐவரின் அரைப்பேரை முழுப்பேராக்கும்படி மேற்பார்வையாளரே அலுவலகத்தில் கேட்டார். பதிந்தது பதிந்ததுதான் என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் தங்களுக்காக அவர் போய்க் கேட்டதை அந்த ஐவரும் மறக்கவில்லை.

அடுத்தமுறை நான் போனபோது, அந்தத் தாய் டிஜிட்டல் தராசின் எண்களைத் தானே பார்த்துத் தன் கிலோக் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்தவர் மேற்பார்வையாளர். அவரோ, மழைக்குப் பிறகு எந்தப் பள்ளத்தில் கொழுந்து முந்தி முற்றும் என்பதைத் தாயிடம் கேட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தார். 41 வருட அனுபவம் அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் இருந்திருக்கிறது!

எமக்கும் உரியது

தோழியரே, இது தோட்டத்துக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் குறைந்தபட்ச வயதை 60 ஆக்கியது. அதே ஆண்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே கூடுதலாகப் படித்துவிட்டு வரும் இளையவர்களும், நெடுங்காலம் பணியில் நிற்கும் மூத்தவர்களும் ஒரே மேசையில், ஒரே தையல் வரிசையில், ஒரே விடுதிப் பிரிவில் இருப்பது இனி எங்கும் சாதாரணம். தாயின் வயதில் உள்ளவருக்கு மகளின் வயதில் உள்ளவர் வேலை சொல்ல வேண்டியும் வரும்.

நீங்கள் இளைய பொறுப்பாளராக இருந்தால், உங்கள் அறிவித்தல் கடைசி ஆளுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அனுப்பியதோடு கடமை முடிவதில்லை. வேலையைப் பற்றி உறுதியாகப் பேசுங்கள். ஆளைப் பற்றி மரியாதையாகப் பேசுங்கள். ஒழுங்கு பிழைத்தவரிடம் முதலில் காரணம் கேளுங்கள்.

நீங்கள் மூத்தவராக இருந்தால், உங்கள் அனுபவத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் வயதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். பிள்ளையாய் இருந்தவள் இன்று பொறுப்பில் இருக்கிறாள் என்றால், அது நீங்கள் தூக்கி வளர்த்ததன் பயனும்தான். தெரியாததைக் கேட்பதில் வெட்கமில்லை.

என்னைப்போல் இடையில் நின்று சமாதானம் பேசப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். அட்டவணையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். யார் எந்தத் தலைமுறை என்று தீர்மானிப்பதற்கு முன், யாருக்கு எந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று விசாரியுங்கள். நான் அறிந்த அளவில், பாதிப் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.