அறிவு யாருடையது? இருளர்களும் ஆய்வுக் கூட்டாண்மையும்

மேலை நாட்டுப் பல்கலைக்கழகம் கற்பிக்கும், விளிம்புநிலை மக்கள் கற்றுக்கொள்வர் என்பதே பன்னாட்டு 'அறிவுப் பகிர்வு' குறித்த பொதுவான எண்ணம். செங்கல்பட்டு மாவட்ட இருளர்கள் இதனைத் தலைகீழாக்கினர்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் உள்நாட்டு உயிரினங்களை அழித்துவருகின்றன. அவற்றைப் பிடிக்க, 2017இல் அம்மாநில வனவிலங்கு ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோரை அழைத்தன. தடம் பார்த்துத் தேடும் இருளர் முறையால் நான்கு வாரங்களுக்குள் 27 பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஊரில் இந்த அறிவின் நிலை என்ன? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தின. இருளர்களின் பிழைப்பும் நின்றது. 1978இல், ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையுடன் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறது. இந்தியாவின் பாம்புக்கடி மருந்து பெரிதும் இந்நஞ்சையே நம்பியுள்ளது. ஆயினும், எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதியே தீர்மானிக்கிறது. அனுமதி தாமதித்தால் வருமானமும் இல்லை.

மரபறிவின் பயன் அதனைக் காத்தவர்களுக்கும் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம். எனவே, திருக்கழுக்குன்றம் வட்டாரக் குடியிருப்புகளுக்கு ஆய்வுக்காகச் செல்லும் மாணவர்கள் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆய்வேட்டில் அறிவளித்தவரின் பெயர் இருக்கிறதா? முடிவுகள் தமிழில் அவர்களிடம் திரும்புகின்றனவா? பயனில் அவர்களுக்குப் பங்கு உண்டா? இவற்றுக்கு விடையில்லையெனில், அது கூட்டாண்மை அன்று, சுரண்டல்.