எண்ணெய்க்கும் ஊர் உண்டு

புனே நகரத்தில் மார்கழி மாதம் குளிர் கடுமையாக இருக்கும். சில இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கும். கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. கட்கியிலும் தாபோடியிலும் வாழும் நம் தமிழ்ப் பெண்கள் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அதே அடுப்படியில் கடலை எண்ணெய் இருக்கும். அது உறையாது. விளக்கெண்ணெயும் இருக்கும். அதுவும் உறையாது, ஆனால் கூழ் போல மெல்ல இறங்கும். எல்லாம் எண்ணெய்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

பூமிக்கு அடியிலிருந்து வரும் எண்ணெயும் இப்படித்தான். அதைக் கச்சா எண்ணெய் என்கிறோம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாலை போடும் தார் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. சமையல் கேஸில் ஒரு பங்கும் இதிலிருந்து கிடைக்கிறது. பெயர் ஒன்றுதான். ஆனால் ஒரு கிணற்று எண்ணெய் தண்ணீர் போல ஓடும். இன்னொரு கிணற்று எண்ணெய் வெல்லப்பாகு போல இருக்கும். ஒன்று பழுப்பு நிறம். ஒன்று கன்னங்கரேல் என்று இருக்கும். சிலவற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

ஏன் இந்த வேறுபாடு?

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலிலும் ஏரியிலும் நுண்ணிய உயிர்கள் வாழ்ந்தன. கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் இருந்தன. அவை செத்து, சேற்றோடு சேர்ந்து அடியில் படிந்தன. அதன் மேல் மண் மூடியது. மேலும் மேலும் மண் மூடியது. கீழே அழுத்தமும் சூடும் ஏறின. அந்தச் சூட்டில் மெல்ல மெல்ல அது எண்ணெயாக மாறியது.

எந்தக் கச்சா எண்ணெயை எடுத்தாலும் நூற்றுக்கு 84 முதல் 87 பங்கு கார்பன் இருக்கும். 11 முதல் 14 பங்கு ஹைட்ரஜன் இருக்கும். மிச்சம்தான் கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் நைட்ரஜன், துளி உலோகம். அந்த மிச்சத்தில்தான் தொல்லை எல்லாம் இருக்கிறது.

செத்து விழுந்தது கடல் உயிரா, ஏரிப் பாசியா, கரையில் வளர்ந்த செடியா என்பதைப் பொறுத்து எண்ணெயின் குணம் மாறும். பூமிக்குள் எவ்வளவு சூடு பட்டது என்பதைப் பொறுத்தும் மாறும். ஆழம் குறைந்த இடத்தில் சூடு குறைவு. அங்கே கிருமிகள் புகுந்து எண்ணெயின் லேசான பகுதியைத் தின்றுவிடும். கனமான பகுதி மட்டும் மிஞ்சும்.

லேசான எண்ணெய், கனத்த எண்ணெய்

மும்பைக்கு மேற்கே கடலில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி ஓர் எண்ணெய் வயல் இருக்கிறது. பம்பாய் ஹை என்று பெயர். இப்போது மும்பை ஹை என்கிறார்கள். 1974ஆம் ஆண்டு 'சாகர் சம்ராட்' என்ற துளையிடும் கப்பல் அங்கே எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதம் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாக அது உரண் கரைக்கு வருகிறது. அங்கிருந்து மும்பை சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது.

இந்த எண்ணெய் லேசானது. ஒரு லிட்டர் எடை போட்டால் சுமார் 830 கிராம்தான் இருக்கும். அரபு நாட்டில் கிடைக்கும் கனத்த வகை ஒரு லிட்டர் சுமார் 890 கிராம் இருக்கும். குஜராத்தில் மெஹசானா பக்கம் கிடைப்பது 960 கிராம் அளவுக்குப் போகும். அது தண்ணீரின் எடையை நெருங்கிவிட்டது.

எண்ணெய்க் கம்பெனிகள் எடையை வேறொரு கணக்கில் சொல்லும். அதற்கு ஏ.பி.ஐ. டிகிரி என்று பெயர். தண்ணீருக்கு 10. எண் கூடக் கூட எண்ணெய் லேசு. பம்பாய் ஹை எண்ணெய்க்கு 39. அரபு கனத்த வகைக்கு 27. இது கொஞ்சம் தலைகீழ்க் கணக்குதான். பழகினால் சரியாகிவிடும்.

லேசாக இருந்தால் என்ன, கனமாக இருந்தால் என்ன? வேறுபாடு காசில் தெரியும். ஆலையில் கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். சோற்றுப் பானை மூடியில் ஆவி படிந்து நீராவது போல, எண்ணெய் ஆவியும் மேலே ஏறி, குளிர்ந்து, மீண்டும் திரவமாகும். பெட்ரோல் பகுதி உச்சி வரை போகும். மண்ணெண்ணெய் நடுவில் தங்கும். டீசல் அதற்குக் கீழே தங்கும். ஆவியாகாத கசடு அடியில் நிற்கும். லேசான எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் நிறையக் கிடைக்கும். கனத்த எண்ணெயில் அடிக்கசடுதான் அதிகம். அதைத் தாராக விற்கலாம். இல்லாவிட்டால் பெரிய செலவு செய்து மறுபடி உடைக்க வேண்டும். அதனால்தான் லேசான எண்ணெய்க்குச் சந்தையில் விலை அதிகம்.

நம் காவிரிப் படுகையில், நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் கிடைப்பதும் லேசான எண்ணெய்தான். ஆனால் அது நெல் வயலுக்கு நடுவே கிடைக்கிறது. 2017 ஜூன் 30ஆம் தேதி தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. ஊரே திரண்டு போராடியது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துத் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அங்கே புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை வந்தது.

உறையும் எண்ணெய்

தேங்காய் எண்ணெய்க் கதைக்குத் திரும்புவோம். சில கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். குளிர்ந்தால் உறைந்துவிடும். அசாமில் டிக்பாய் என்ற ஊரில் 1889ஆம் ஆண்டே எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். 1901இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆசியாவிலேயே பழைய ஆலைகளில் ஒன்று அது. அசாம் எண்ணெயில் மெழுகு நிறைய உண்டு. பிரித்து எடுத்து மெழுகுவத்தி செய்தார்கள்.

மெழுகுவத்திக்கு நல்லது, குழாய்க்குத் தொல்லை. அசாமிலிருந்து பீகாரில் உள்ள பரௌனி வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டார்கள். வழியில் எண்ணெய் உறைந்தால் என்ன செய்வது? முதலில் எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, பிறகு அளவு பார்த்து மெல்லக் குளிரவைத்து அனுப்பினார்கள். அப்படிச் செய்தால் மெழுகு பெரிய கட்டியாகச் சேராது. பிற்காலத்தில் அதற்கென்றே மருந்து கலந்தார்கள்.

இதைவிடக் கடினமான எண்ணெய் ராஜஸ்தான் பாலைவனத்தில் கிடைத்தது. பார்மர் மாவட்டத்தில் மங்களா என்ற வயல். 2004இல் கண்டார்கள். 2009 ஆகஸ்டில் எடுக்கத் தொடங்கினார்கள். ஏரிப் பாசியிலிருந்து வந்த எண்ணெய் இது. மெழுகு மிக அதிகம். 40 டிகிரிக்கு மேலேயே உறையத் தொடங்கும். அப்படியென்றால் நம் வீட்டில் சித்திரை வெயிலில் வைத்தாலும் கட்டியாகவே இருக்கும்! அதனால் குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டர் குழாயை வழி முழுவதும் சூடாக வைத்திருக்கிறார்கள். குழாய்க்குக் கம்பளி போர்த்தியது போல வெளியே ஓர் உறை. உள்ளே மின்சாரச் சூடு. இவ்வளவு நீளத்துக்குச் சூடேற்றும் குழாய் உலகில் வேறு இல்லை என்பார்கள்.

மெஹசானாவின் கதை வேறு. அங்கே எண்ணெய் உறைவதில்லை. ஆனால் விளக்கெண்ணெயைவிடக் கெட்டி. பம்பு வைத்தாலும் பாறையை விட்டு அசையாது. பலோல் என்ற வயலில் 1990ஆம் ஆண்டு ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். பூமிக்குள்ளேயே எண்ணெயில் ஒரு பகுதிக்குத் தீ வைத்தார்கள். மேலிருந்து காற்றைச் செலுத்தினார்கள். தீ மெல்ல நகர்ந்தது. சூட்டில் மற்ற எண்ணெய் இளகிக் கிணற்றை நோக்கி வந்தது. கொஞ்சம் எரித்து நிறைய எடுத்தார்கள்.

கந்தகம்

கந்தகம் குறைந்த எண்ணெயை 'இனிப்பு எண்ணெய்' என்பார்கள். நிறைய இருந்தால் 'புளிப்பு எண்ணெய்'. இந்தப் பெயர்கள் உலகம் முழுவதும் வழக்கத்தில் உள்ளன.

பம்பாய் ஹை எண்ணெய் இனிப்பு வகை. நூறு கிலோவில் கந்தகம் கால் கிலோகூட இராது. அரபு கனத்த வகையில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. அதில் பெரும்பகுதி புளிப்பு வகைதான். விலை கொஞ்சம் குறைவு.

கந்தகம் எரிந்தால் மூச்சைத் திணறவைக்கும் புகை வரும். 1990களின் தொடக்கத்தில் ஒரு டன் டீசலில் 10 கிலோ வரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. அந்த நாளில் புனே சுவர்கேட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்தக் கரும்புகை நினைவிருக்கும். 2010 ஏப்ரலில் புனே உட்பட 13 நகரங்களில் கந்தகம் மிகக் குறைந்த எரிபொருள் வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் அதைவிடச் சுத்தமான எரிபொருள். இப்போது ஒரு டன் டீசலில் 10 கிராம் கந்தகம்தான் இருக்கலாம். 10 கிலோ எங்கே, 10 கிராம் எங்கே! எடுத்த கந்தகம் வீணாவதில்லை. உரத்துக்கும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கந்தகம் வேண்டும் அல்லவா?

புளிப்பு எண்ணெயில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தொட்டி கழுவும் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றமே தெரியாது. காரணம், மூக்கு மரத்துப் போய்விடும். "நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை" என்று இறங்குகிறவர் சில மூச்சில் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். சாக்கடைக் குழியில் ஒருவர் பின் ஒருவராகச் சாவதும் பல நேரம் இதே வாயுவால்தான். கருவி வைத்துக் காற்றைச் சோதிக்காமல், மூச்சுக் கருவி போடாமல் தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். கூலி போனாலும் சரி.

எளிதில் தீப்பிடிக்கும் எண்ணெய்

கச்சா எண்ணெய் கெட்டியாக இருக்கும், சட்டென்று பற்றாது என்று பலர் நினைக்கிறார்கள். கனடாவில் லாக்-மெகாந்திக் என்று ஒரு சிற்றூர். 2013 ஜூலை 6ஆம் தேதி இரவு, 72 தொட்டிகளில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் ஆளில்லாமல் சரிவில் உருண்டு ஊருக்குள் கவிழ்ந்தது. ஊரின் நடுப்பகுதி எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்த எண்ணெய் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலிருந்து வந்த மிக லேசான வகை. பெட்ரோல் போலப் பற்றக் கூடியது என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் அதன் காகிதத்தில் ஆபத்து குறைந்த வகை என்று எழுதியிருந்தார்கள்.

அதனால்தான் கப்பல் வந்ததும் ஆலைக்காரர்கள் முதலில் மாதிரி எடுக்கிறார்கள். எடை என்ன, கந்தகம் எவ்வளவு, எந்தச் சூட்டில் உறையும், எந்தச் சூட்டில் ஆவி பற்றும், தண்ணீரும் உப்பும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். உப்பு இருந்தால் ஆலைக் குழாயை அரித்துவிடும். பிறகு கனத்ததோடு லேசானதையும், புளிப்போடு இனிப்பையும் தங்கள் ஆலைக்குத் தக்கபடி கலக்கிறார்கள். நம் வீட்டில் புது அரிசியோடு பழைய அரிசி கலப்பது போலத்தான்.

மும்பை ஆலையிலிருந்து புனே அருகே லோனி வரை ஒரு குழாய் வருகிறது. மலை ஏறி வருகிறது. பெட்ரோல், டீசல் எல்லாம் அதே ஒரு குழாயில், ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதை எடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டும் கலந்த நடுப்பகுதியைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்த எடைக் கணக்கை நாமும் கேட்கலாம். பெட்ரோல் பங்கில் அன்றைய அடர்த்தி எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அளந்து காட்டச் சொல்லலாம். கலப்படம் செய்தால் அந்த எண் மாறிவிடக் கூடும். பெட்ரோலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பங்கில் வடிதாள் கேட்டால் தர வேண்டும். குழாய் முனையைத் துடைத்துவிட்டு அதில் ஒரு சொட்டு விட வேண்டும். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் தாளில் கறை நிற்கும்.